இரும்பு தாங்கும், ரப்பர் தாங்காது: பாலைவன வெயிலில் ஒரு கார்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரை ஒட்டி டேவிஸ்-மான்தன் விமானப்படைத் தளம் இருக்கிறது. பணியிலிருந்து விலக்கப்பட்ட ராணுவ விமானங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வெட்டவெளியில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்திலிருந்தே இது நடக்கிறது. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, தரை கெட்டி. இந்த மூன்றுக்காகத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அலுமினியமும் எஃகும் அங்கே பல்லாண்டுகள் அப்படியே கிடக்கும். ஆனால் அந்த விமானங்களின் கண்ணாடிகளையும் இடுக்குகளையும் திறப்புகளையும் மூடி வெள்ளைப் பூச்சு பூசியிருக்கிறார்கள். பூசாமல் விட்டால் உள்ளே சூடு ஏறி, ரப்பரும் பிளாஸ்டிக்கும் மின்கருவிகளும் பாழாகிவிடும்.

பாலைவனத்தில் கார் வாங்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். பெரும்பாலானவர்கள் என்ஜினைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். வெளியே 20 டிகிரி இருந்தாலும் 48 டிகிரி இருந்தாலும் என்ஜினின் உட்புறம் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில்தான் இயங்குகிறது. அதற்கென்றே ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் இருக்கின்றன. பேட்டரி, டயர், ரப்பர்க் குழாய், கதவோரப் பட்டை, வைப்பர், டேஷ்போர்டு, பெயின்ட், பசை போன்றவற்றுக்கு அப்படி எந்தக் காவலும் கிடையாது. வெயில் எவ்வளவு அடிக்கிறதோ அவ்வளவையும் அவை வாங்கிக்கொள்கின்றன.

வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பள்ளிப் பாடத்திலேயே வரும் தோராயக் கணக்கு. ரப்பர் இறுகுவது, பேட்டரியின் ஈயத் தகடு அரிபடுவது, ஆயில் கெடுவது எல்லாமே வேதிவினைகள்தான். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவை நடந்துகொண்டே இருக்கும். அதனால்தான் பாலைவனத்தில் ஒரு காரின் வயதை ஓடோமீட்டரை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஆறு ஆண்டுகள் திறந்தவெளியில் நின்று 30,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய காரை விட, நிழலில் நின்று 90,000 கிலோமீட்டர் ஓடிய காரை நான் தயங்காமல் எடுப்பேன். "ரொம்பக் குறைவாக ஓடிய வண்டி" என்று விற்பவர் பெருமைப்படும்போது, அது எங்கே நின்றது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

வானிலை அறிக்கை சொல்லும் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கலிஃபோர்னியாவின் டெத் வேலியில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் உலகின் அதிகபட்சக் காற்று வெப்பநிலையாக இன்றும் ஏற்கப்பட்டிருக்கிறது. குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலையில் 53.9 டிகிரி பதிவானது. ஃபீனிக்ஸ் நகரில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் வெயில் 43 டிகிரியைத் தாண்டியது. இவையெல்லாம் தரையிலிருந்து ஏறத்தாழ ஆள் உயரத்தில், நிழலும் காற்றோட்டமும் உள்ள பெட்டிக்குள் அளந்தவை. உங்கள் கார் அந்தப் பெட்டிக்குள் நிற்பதில்லை.

கார் எந்தச் சூட்டில் நிற்கிறது என்பதை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் அளந்து 2018இல் வெளியிட்டார்கள். காற்று 38 டிகிரியைத் தாண்டும் நாட்களில் கார்களை வெயிலிலும் நிழலிலும் ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள். வெயிலில் நின்ற கார்களின் உட்புறக் காற்று சராசரியாக 47 டிகிரியை எட்டியது. டேஷ்போர்டு 69, ஸ்டீயரிங் 53, இருக்கை 51. நிழலில் நின்றவற்றில் உட்புறக் காற்று 38, டேஷ்போர்டு 48, ஸ்டீயரிங் 42. டேஷ்போர்டைப் பொறுத்தவரை நிழலின் மதிப்பு ஏறத்தாழ 20 டிகிரி. காசு கொடுத்து வாங்கும் எந்தப் பூச்சும் எந்த ஃபிலிமும் இதற்கு ஈடாகாது. வீட்டிலோ வேலையிடத்திலோ கூரையுள்ள நிறுத்துமிடம் கிடைக்குமா என்பது, எந்த மாடல் வாங்குவது என்பதை விடப் பெரிய கேள்வி.

அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. இரண்டு வயதுக் குழந்தை காருக்குள் விடப்பட்டால், வெயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலும், நிழலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று முன்பும் அதன் உடல் வெப்பம் 40 டிகிரியை எட்டிவிடும் என்று கணக்கிட்டார்கள். நிழல் காருக்குப் போதும், குழந்தைக்குப் போதாது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் சூடு வெளியேறிவிடும் என்ற நம்பிக்கையும் பொய். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட அளவீட்டில், கண்ணாடியை ஒன்றரை அங்குலம் இறக்கிவிட்டும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உள்ளே ஏறும் சூட்டில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது.

நிறம் பற்றிய விவாதம் எப்போதும் சூடாக நடக்கும். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2011இல் ஒரே மாடலில் கறுப்புக் காரையும் வெள்ளி நிறக் காரையும் பக்கத்தில் பக்கத்தில் வெயிலில் நிறுத்தி அளந்தது. வெள்ளி நிறக் காரின் கூரை 25 டிகிரி வரை குளிர்ச்சியாக இருந்தது. உட்புறக் காற்றிலோ வேறுபாடு 5 முதல் 6 டிகிரிதான். கூரையில் மிச்சமானதில் பெரும்பகுதி உள்ளே தெரியாமல் போனதற்குக் காரணம் கண்ணாடி. முன்கண்ணாடி, பின்கண்ணாடி, பக்கக் கண்ணாடிகள் வழியாக வரும் வெயிலுக்குக் காரின் நிறம் பொருட்டில்லை. வெள்ளையோ வெள்ளியோ எடுப்பது நல்லதுதான், ஏ.சி.க்கு வேலை குறையும். ஆனால் வெள்ளைக் காரில் அகலமான கண்ணாடிக் கூரையையும் சேர்த்து வாங்குகிறவர் ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பிடுங்கிக்கொள்கிறார். கண்ணாடிக் கூரை அழகானது, மறுக்கவில்லை. வெயில் நாட்டுக் கடைக்காரர்கள் அதை ஏன் இத்தனை ஆர்வமாக விற்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கண்ணாடிக்கு ஒட்டும் ஃபிலிமிலும் இதே குழப்பம். கருமையாக இருந்தால் குளிர்ச்சி தரும் என்று நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரியும் ஒளி சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதிதான். மீதியில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். சாயம் ஏற்றிய மலிவான ஃபிலிம் வெளிச்சத்தைக் குறைக்கும்; அகச்சிவப்பைப் பெரிதாகத் தடுக்காது. செராமிக் வகை ஃபிலிம் ஏறத்தாழத் தெளிவாகவே இருந்துகொண்டு அகச்சிவப்பைத் தடுக்கும். கடையில் கேட்க வேண்டிய எண் மொத்த சூரிய ஆற்றலில் எத்தனை சதவீதத்தை அது தடுக்கிறது என்பது. எவ்வளவு கருமை அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும் சட்டம். தெளிவான நல்ல ஃபிலிமை ஒட்டினால் அந்தத் தலைவலியும் குறையும். புற ஊதாக் கதிரைப் பொறுத்தவரை முன்கண்ணாடி ஏற்கெனவே காவல் காக்கிறது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்துச் செய்திருப்பதால் அது புற ஊதாவை ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடிகள் பல கார்களில் ஒற்றை அடுக்கு. ஃபிலிம் உண்மையில் தேவைப்படுவது அங்கேதான்.

முன்கண்ணாடிக்கு உள்ளே விரிக்கும் பளபளப்பான மறைப்பைச் சிலர் கேலி செய்வார்கள். டேஷ்போர்டுக்கு அதைவிட மலிவான மருந்து கிடையாது. கண்ணாடியோடு ஒட்டினாற்போல் நிற்க வேண்டும், பளபளப்பான முகம் வெளியே பார்க்க வேண்டும், அவ்வளவுதான். டேஷ்போர்டு கெடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், வெயிலில் நிற்கும் புதுக் காரின் முன்கண்ணாடி உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் போல மங்கலான ஒரு படலம் துணியில் வரும். பிளாஸ்டிக்கை வளையும்படி வைத்திருக்கச் சேர்த்த பொருட்கள் சூட்டில் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்ததுதான் அது. அவை போகப் போக டேஷ்போர்டு இறுகும், கடைசியில் வெடிக்கும். இதற்கு மருந்தாக விற்கப்படும் பளபளப்பு எண்ணெய்கள் அழகைத்தான் கூட்டுகின்றன, கூடவே முன்கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுபவரின் கண்ணையும் கூசச் செய்கின்றன.

பேட்டரி விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். குளிர்நாட்டில் பேட்டரி பனிக்காலத்துக் காலையில் காலை வாரிவிடும் என்பதால், குளிர்தான் அதற்கு எதிரி என்று நினைப்பவர் உண்டு. குளிர் அதன் பலவீனத்தை வெளியே காட்டுகிறது, பலவீனப்படுத்துவது வெப்பம். ஈய-அமில பேட்டரிக்குள் நேர்முனைத் தகடுகளைத் தாங்கும் ஈயச் சட்டம் சூட்டில் வேகமாக அரிபடுகிறது, நீர் ஆவியாகிறது. மிதமான ஊரில் ஐந்து ஆண்டு உழைக்கும் பேட்டரி, பாலைவனத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளில் போய்விடுவது சாதாரணம். போவதற்கு முன் அது பெரிதாக எச்சரிக்கவும் செய்யாது. இரண்டாவது ஆண்டு முடிந்ததும் ஒவ்வொரு கோடைக்கு முன்பும் சுமை கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது நல்லது. வோல்ட் மீட்டரை வைத்துப் பார்ப்பது மட்டும் போதாது.

பல கார்களில் பேட்டரியைச் சுற்றிக் கறுப்புத் துணியோ பஞ்சு போன்ற உறையோ இருக்கும். பேட்டரி மாற்றும் இடத்தில் அதைக் கழற்றித் தூக்கி எறிவதைப் பார்க்கலாம். அது பெட்டியோடு வந்த காகித அட்டை அல்ல. என்ஜின் சூட்டிலிருந்து பேட்டரியைக் காக்க வைத்த உறை. திரும்பப் போடச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். புதிதாக வாங்குகிறவர் பேட்டரி எங்கே இருக்கிறது என்றும் பார்க்கலாம். டிக்கியிலோ இருக்கைக்கு அடியிலோ வைத்திருக்கும் கார்களில் அது என்ஜின் சூட்டுக்குத் தப்பித்து அதிக நாள் உழைக்கும்.

டயர்தான் உயிர் சம்பந்தப்பட்டது. அதற்கு ஒரு பெரிய வரலாறே உண்டு. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் மாட்டப்பட்டவை. வேகமாகப் போகும்போது டயரின் மேல்தோல் உரிந்து, வண்டி கவிழ்ந்து, 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விபத்துகள் நாடு முழுவதும் சமமாக நடக்கவில்லை. அரிசோனா, டெக்சஸ், ஃபுளோரிடா, கலிஃபோர்னியா போன்ற வெயில் மாநிலங்களில்தான் குவிந்திருந்தன. அமெரிக்காவில் அறிவிப்பு வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1999இல், சவூதி அரேபியா உள்ளிட்ட நாடுகளில் ஃபோர்டு இந்த டயர்களை மாற்றிக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. வெயில் நாடுகள்தான் குறையை முதலில் காட்டிக்கொடுத்தன.

டயரின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் குறை இருந்தது. அதற்கு மேல் காற்றழுத்தம் பற்றி ஒரு சண்டை. ஃபோர்டு பரிந்துரைத்தது 26 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு). ஃபயர்ஸ்டோன் 30 வேண்டும் என்றது. நான்கு பிஎஸ்ஐக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றலாம். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைந்து நிமிர்கிறது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் இது ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் முறை நடக்கும். வளையும் ரப்பர் சூடாகும். கீழே தார்ச்சாலை ஏற்கெனவே 60 டிகிரியைத் தாண்டியிருக்கும். சுமையும் கூடுதலாக ஏற்றியிருந்தால் அந்தச் சூட்டுக்குப் போக வழியே இல்லை. எஃகு இழைக்கும் ரப்பருக்கும் நடுவிலுள்ள பிணைப்பு விட்டுப்போகிறது, மேல்தோல் கழன்றுவிடுகிறது.

"கோடையில் டயரில் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும்" என்ற அறிவுரை இன்றும் எங்கும் கேட்கிறது. இதைப் போல ஆபத்தான அறிவுரை வேறில்லை. சூட்டில் அழுத்தம் ஏறும் என்பது உண்மை. 5 அல்லது 6 டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ. அந்த ஏற்றத்தையும் சேர்த்துத்தான் டயரைச் செய்திருக்கிறார்கள். ஓட்டுநர் பக்கக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் எண், டயர் ஆறியிருக்கும்போது இருக்க வேண்டிய அழுத்தம். அதிகாலையில் வண்டியை எடுப்பதற்கு முன் அளந்து அந்த எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். நெடுஞ்சாலையில் இருநூறு கிலோமீட்டர் ஓடிவிட்டு, பெட்ரோல் நிலையத்தில் நின்று "ஏறிவிட்டதே" என்று காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் டயர் பசியோடு கிளம்பும். அழுத்தம் காட்டும் விளக்கை நம்பி இருப்பதும் சரியில்லை. அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்தால்தான் அது எரிந்தாக வேண்டும். அதற்குள் டயர் நெடுநேரம் வெந்திருக்கும்.

மணலில் இறங்கும்போது காற்றைக் குறைப்பது வேறு கதை. மெதுவாகப் போகிறோம், டயர் அகலமாகத் தட்டையானால்தான் புதையாது. ஆனால் தார்ச்சாலைக்குத் திரும்பிய இடத்திலேயே காற்றை நிரப்பியாக வேண்டும். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இங்கே இடமில்லை. மணலுக்குப் போகிறவரிடம் ஒரு சிறிய காற்றடிக்கும் கருவி இல்லையென்றால், அவர் போகாமல் இருப்பதே நல்லது.

டயரின் வயதைப் பக்கச் சுவரிலேயே படிக்கலாம். டிஓடி (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. சில நேரம் அந்த முழு வரி டயரின் உட்பக்கம் திரும்பியிருக்கும்; குனிந்துதான் பார்க்க வேண்டும். கார் நிறுவனங்கள் பல ஆறு ஆண்டுகளை எல்லையாகச் சொல்கின்றன. டயர் நிறுவனங்கள் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேண்டாம் என்கின்றன. வெயில் ஊரில் ஆறை நெருங்கும்போதே மாற்றிவிடுவது உத்தமம், டயரின் வரிப்பள்ளம் தேயாமல் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் சரி. ஸ்பேர் டயருக்கும் வயது ஏறுகிறது. அது ஓடாததால் புதிது போலத் தெரியும். அவசரத்துக்கு மாட்டி நெடுஞ்சாலையில் ஓட்டும்போதுதான் அதன் வயது தெரியவரும். புதிய டயர் வாங்கும்போது வெப்பத் தரத்தையும் பாருங்கள்: ஏ, பி, சி என்று மூன்று படிகள். சி என்பது அமெரிக்கச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் மட்டுமே. பாலைவனத்தில் ஏ தவிர வேறெதையும் நான் வாங்கமாட்டேன்.

என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டைப் பற்றி ஒரு தவறான எண்ணம்: இங்கே தண்ணீர் உறையப்போவதில்லை, வெறும் தண்ணீரே போதும். சூட்டைக் கடத்துவதில் தண்ணீர் சிறந்ததுதான். ஆனால் கூலண்ட் கலவைக்குக் கொதிநிலை அதிகம். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கலவை, ரேடியேட்டரின் 15 பிஎஸ்ஐ மூடி தரும் அழுத்தத்தில், ஏறத்தாழ 129 டிகிரி வரை கொதிக்காது. அதே மூடியின் கீழ் வெறும் தண்ணீர் 121 டிகிரியில் கொதித்துவிடும். துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்தும் கூலண்டில்தான் இருக்கிறது. அந்த மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது, கொதிநிலையும் இறங்கிவிடும். சில்லறைக் காசில் மாற்றக்கூடிய பொருளை மறந்துவிட்டு, ரேடியேட்டரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

ஆயிலில் இரண்டாவது எண்ணைப் பாருங்கள். 5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. 30 என்பதுதான் 100 டிகிரியில் அதன் தடிமன். பல நிறுவனங்களின் கையேட்டில் வெயில் நாட்டுக்குச் சற்றுத் தடிமனான ஆயிலுக்கு அனுமதி இருக்கும், சிலவற்றில் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரரை விடக் கையேட்டை நம்பலாம். அதே கையேட்டில் "கடுமையான சூழலுக்கான" பராமரிப்பு அட்டவணை தனியாக இருக்கும். தூசியும் கடும் வெப்பமும் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கும். பாலைவனத்தில் வாழ்கிறவருக்கு அதுதான் அட்டவணை. மற்றது வேறு யாருக்கோ எழுதியது.

கார் வாங்கும்போது ஏ.சி.யைக் காலை நேரத்தில் சோதிப்பதில் பயனில்லை. மதியம் இரண்டு மணிக்கு, வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரைக் கேளுங்கள். ஓட்டும்போது எல்லாக் காரிலும் ஏ.சி. குளிரும், ஏ.சி.யின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் வழியாகக் காற்று பாய்ந்துகொண்டே இருக்கிறது. நிற்கும்போது அந்தக் காற்றை விசிறிதான் இழுத்துக் கொடுக்க வேண்டும். எனவே கால் மணி நேரம் நிறுத்தி வைத்து, ஏ.சி.யை முழு வேகத்தில் விட்டு, பின் இருக்கையில் போய் உட்காருங்கள். வருகிற காற்று வெதுவெதுப்பாக மாறுகிறதா, வெப்பநிலை முள் நகர்கிறதா என்று கவனியுங்கள். முள்ளே இல்லாமல் விளக்கு மட்டும் வைத்திருக்கும் கார்களை வெயில் நாட்டில் எனக்குப் பிடிப்பதில்லை. விளக்கு எரியும்போது விஷயம் கைமீறிப் போயிருக்கும். வளைகுடா நாடுகளுக்கென்று தயாரிக்கப்படும் கார்களில் ரேடியேட்டரும் ஏ.சி.யும் வலுவாக இருக்கும். குளிர்நாட்டிலிருந்து இறக்குமதியான அதே மாடலில் அவை இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்றோட்டமுள்ள இருக்கைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். நான்கு சக்கர இயக்கம், நீங்கள் தார்ச்சாலையிலேயே போய்வருகிறவர் என்றால், தேவையில்லாத எடை.

இனி தூசி. பாலைவனத் தூசியில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தன்மையில் அதற்கு மோஸ் அளவுகோலில் 7. சாதாரணக் கண்ணாடிக்கு 5.5 அளவில்தான். தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைப்பவர் பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார். நகரும் வைப்பர் கண்ணாடிக்கும் அதையே செய்கிறது. முதலில் தண்ணீரை ஓடவிட்டு மணலை இறக்கிவிட்டுப் பிறகுதான் துணி. உடலோடு இறுக்கமாக ஒட்டாத கார் உறையும் காற்றில் படபடத்து, உள்ளே புகுந்த மணலை வைத்து நாளெல்லாம் தேய்த்துக்கொண்டிருக்கும். கூரை இல்லாத, காற்று பலமாக அடிக்கும் இடத்தில் உறை போடாமல் இருப்பதே மேல்.

என்ஜினின் ஏர் ஃபில்டரை வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, காற்று பீய்ச்சித் தட்டிச் சுத்தம் செய்யும் பழக்கம் பலரிடம் உண்டு. அக்கறையில் செய்கிறார்கள், பலன் எதிர்மாறாகிறது. காகித ஃபில்டர் சற்றுத் தூசி படிந்தபின்தான் இன்னும் நன்றாக வடிகட்டும். அழுத்தக் காற்று காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளைப் போடும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் கொஞ்சம் தூசி சுத்தமான பக்கத்தில் விழும். மணற்புயலுக்குப் பிறகு பார்க்கலாம். அடைத்திருந்தால் புதிது போடலாம். மாறாக, யாரும் கவனிக்காத இடம் கண்டென்சரின் முகம். தூசியும் பூச்சியும் சேர்ந்து அந்த மெல்லிய தகடுகளை அடைத்துவிட்டால் ஏ.சி.யும் என்ஜினும் ஒருசேரத் திணறும். மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். அழுத்தக் குழாயை நெருக்கத்தில் பிடித்தால் தகடுகள் மடங்கிப்போகும்.

மின்சாரக் காரைப் பற்றி வெயில் நாட்டவர் சந்தேகப்படுவதற்கு ஒரு முன்கதை உண்டு. நிசான் லீஃப் 2010 இறுதியில் விற்பனைக்கு வந்தது. அதன் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை. 2012இல் அரிசோனாவில் பல உரிமையாளர்கள், இரண்டே ஆண்டுகளுக்குள் பேட்டரியின் கொள்ளளவு கண்கூடாகக் குறைந்துவிட்டதாகப் புகார் செய்தார்கள். வழக்கு நடந்தது, நிறுவனம் பேட்டரிக் கொள்ளளவுக்கு உத்தரவாதம் கொடுத்தது, 2015 மாடலில் வெப்பம் தாங்கும் புதிய வேதியியலைக் கொண்டுவந்தது. கார்கள் கெட்டது அதிகம் ஓடியதால் அல்ல, சூட்டில் நின்றதால். எனவே வெயில் நாட்டில் மின்சாரக் கார் வாங்குகிறவர், பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் இருக்கிறதா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. வாங்கியபின், முழுச் சார்ஜில் வெயிலில் நாள்கணக்காக நிறுத்தாமல் இருப்பது முக்கியம். சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி வேகமாக மூப்படையும். தூரம் குறைவது பற்றி அவ்வளவு பயப்படத் தேவையில்லை. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019இல் செய்த சோதனையில், 35 டிகிரி வெயிலில் ஏ.சி. போட்டு ஓட்டியபோது தூரம் சராசரியாக 17 சதவீதம் குறைந்தது. உறைபனிக் குளிரில் ஹீட்டரோடு ஓட்டியபோது 41 சதவீதம்.

தொடக்கத்தில் சொன்ன துருப்பிடிக்காத பாலைவனம் எல்லாப் பாலைவனத்துக்கும் பொருந்தாது. பாரசீக வளைகுடாக் கரையிலும், நமீபியாவின் கடலோரத்திலும் பாலையும் உப்புக் காற்றும் சேர்ந்தே இருக்கின்றன. கோடை இரவில் கார் மேல் தண்ணீர் சொட்டும் அளவுக்கு ஈரம் இறங்கும். கரையோர உப்புச் சேற்று நிலங்களில் ஓட்டிவிட்டு வந்தால் காரின் அடிப்பாகத்தை அன்றே நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும். அத்தகைய ஊரில் பழைய கார் வாங்குகிறவர் அடியிலும் குனிந்து பார்க்க வேண்டும்.

மற்ற ஊர்களில் பழைய கார் பார்க்கப் போகும்போது அழுத்தமானியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டால் போதும். ஐந்து டயர்களின் தேதி, பேட்டரியின் தேதி, கதவோர ரப்பரை விரலால் அழுத்தினால் திரும்ப எழுகிறதா, கூரையின் பெயின்ட் பக்கவாட்டை விட வெளுத்திருக்கிறதா, ரேடியேட்டர்க் குழாயைக் குளிர்ந்த என்ஜினில் பிசைந்தால் நெகிழ்கிறதா அல்லது மொறுமொறுவென்று வெடிப்பு தெரிகிறதா. கூரையும் பானட்டும் வெளுத்து, டயரின் பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் அந்தக் கார் நின்றது வெயிலில்தான். டயர், பேட்டரி, குழாய்கள், பெல்ட், வைப்பர் எல்லாவற்றையும் புதிதாகப் போட ஆகும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். மறுத்தால் அடுத்த காரைப் பார்க்கலாம்.